லிஃப்டில் ஒட்டிய வெற்றுத் தாள்

வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளட்ஸ் குடியிருப்புக்குப் பொது விதிகள் எழுத மூன்று முறை கூட்டம் வைத்தேன். மூன்று முறையும் வந்தது அதே நாலு பேர். செயலாளர் நான்தான், வேறு யாரும் சம்மதிக்கவில்லை.

கடைசியில் லிஃப்டுக்குள் ஒரு வெற்றுத் தாளை ஒட்டி, "விதிகளை நீங்களே எழுதுங்கள்" என்று போட்டேன். இன்று காலை பார்த்தால் தாள் நிரம்பியிருந்தது.

"மூன்றாம் மாடிக்காரர் படியில் செருப்பு வைக்கக் கூடாது."

அதன் கீழே: "ஐந்தாம் மாடிக் குப்பைப் பை ஒழுகாத அன்றைக்குச் செருப்பை எடுப்போம்."

ஐந்தாம் மாடி அன்ரி லிஃப்டில் ஏறினார். "நல்ல வேலை தம்பி. மற்ற ஆக்கள் கட்டாயம் கடைப்பிடிக்கோணும்" என்றார். அவருடைய பை சொட்டிக்கொண்டிருந்தது. நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

கடைசி வரி: "கனடாவோடு போனில் கதைப்பவர் படிக்கட்டில் நின்று கத்தக் கூடாது."

அது நான். கையெழுத்து என் மனைவியுடையது.

கேட்டேன். "ஓம், நானும் இஞ்சதானே இருக்கிறன். எழுதச் சொன்னது நீங்கள்தானே" என்றாள்.

பின்னேரம் கனடாவிலிருந்து அண்ணா போன் எடுத்தார். அறைக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கதைத்தேன்.

"என்னடா, சுகமில்லையோ?" என்றார்.

செயலாளர் பதவி காலியாக இருக்கிறது. மெதுவாகக் கதைக்கத் தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.