இவணுக்குக் கீழே ஒரு பெயர்

என் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் ஒரு ரோஸ் நிற நோட்டீஸ் இருக்கிறது. 'ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரண்டு வாரீர்' என்று தலைப்பு. கடைசியில் 'இவண்' என்று போட்டு, அதற்குக் கீழே எங்கள் நகரச் செயலாளர் அண்ணாச்சியின் பெயரும் அவருடைய கட்சியின் பெயரும். அவர் வேஷத்தைக் கலைக்க வேண்டும் என்றே நான் ஒளித்துவைத்த நோட்டீஸ் அது.

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் எங்கள் தெருக் குழாயில் சாக்கடை கலந்து வந்தது. என் மகளோடு சேர்த்து எத்தனையோ பிள்ளைகள் மஞ்சள் காமாலையில் படுத்தார்கள். பெண்களாகக் கூடி, ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அதிகாரியிடம் மனுக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். தெருவில் பாதி வீடு ஒரு கட்சி, மீதி இன்னொன்று. அதனால் எந்தக் கட்சிப் பெயரும் கூடாது என்பது எங்கள் ஒரே கட்டுப்பாடு. பிரஸ்காரர் அண்ணாச்சிக்குப் பழக்கம் என்பதால், நோட்டீஸ் அடிக்கிற வேலையை மட்டும் அவரிடம் விட்டோம். கட்டைப் பிரித்தால் அவர் பெயர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் வீட்டுக்கே போய்க் கத்தினேன்.

அவரே திகைத்துப்போனார். எப்போதும் அவருக்கே அச்சடிக்கிற பிரஸ்காரர், இவண் என்றதும் கைப்பழக்கத்தில் அவர் பெயரைக் கோத்துவிட்டிருக்கிறார்.

"எம்பேரு இருந்தா அந்தக் கட்சி வீட்டு ஆளுக ஒருத்தரும் வரமாட்டாகம்மா. கொண்டா அம்புட்டையும்" என்றார்.

எங்கள் வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு நோட்டீஸிலும் தன் பெயரையும் கட்சிப் பெயரையும் அடித்து, 'தெருப் பெண்கள்' என்று எழுதினார். "செத்த நேரத்துல முடிஞ்சிரும்" என்றவருக்குப் பொழுதே சாய்ந்துவிட்டது. அப்போதும் நான் நம்பவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்க்கவே இல்லை.

மனுக் கொடுக்கிற அன்று இரண்டு கட்சி வீட்டுப் பெண்களும் பஸ் நிறைய வந்தார்கள். அண்ணாச்சி கரைவேட்டி இல்லாமல், ஆபீஸ் கேட்டுக்கு வெளியே யாரோபோல நின்றார். "எந்தக் கட்சிம்மா?" என்று அதிகாரி கேட்டார். "கட்சியில்ல சார், குழாயடிக்காரிக" என்றேன். இரண்டே மாதத்தில் புதுக் குழாய் பதித்தார்கள்.

கூட்டத்தைத் தங்கள் கணக்கில் சேர்க்கவில்லை என்று கட்சியில் அவர் பதவியைப் பறித்துவிட்டார்கள். அழாத குறையாகப் போய் நின்றேன். "அவிய மேல என்ன தப்பு? எம்பேர மொதல்ல அடிச்சது நாந்தானம்மா" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

குழாயடிக் கல்வெட்டில் யார் யார் பெயரோ இருக்கிறது. அண்ணாச்சி பெயர் இருப்பது என் பீரோவில் மட்டும்தான். அவரைக் காட்டிக்கொடுக்க எடுத்துவைத்தது, இன்று அவருக்கு இருக்கிற ஒரே சாட்சி. மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்: சேலைகளை யாருக்கு வேண்டுமானாலும் கொடு, அந்த நோட்டீஸை மட்டும் கொடுத்துவிடாதே.