நர்ஸம்மா கேட்ட கேள்வி

நர்ஸம்மா எங்கள் வீட்டுக்கு வந்த அன்று எனக்கென்று தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர், ஜன்னலோரமாகத் தனி அறை எல்லாம் இருந்தன. மாற்றுச் சிறுநீரகம் வைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆபத்தான காலம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும், ஏதாவது தொற்றிவிடும் என்று என்னை யாரும் வாசல் தாண்ட விடவில்லை. குரும்பகரத்தில் ஒரு விவசாயிக்கு இதைவிடச் சொகுசான சிறை கிடைக்காது.

மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்கள் வீடு திரும்பிய பிறகு என்ன கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டறிய ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அனுப்பியிருந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் நடந்து வந்த களைப்பைக் காட்டிக்கொள்ளாமல் மாத்திரை, தூக்கம், சாப்பாடு என்று விசாரித்தார். நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. என் மனைவியும் அக்காவும் பதிலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க, என்ன குறை?" என்றார்.

"ஒரு குறையும் இல்லைங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு வேறு பதில் கிடையாது. வெளியாள் வந்து உட்கார்ந்து கேட்கும்போது இது இல்லை, அது இல்லை என்று சொன்னால் வீட்டுக்கே தலைகுனிவு. அதிலும் என் எதிரில் நின்றவள் அம்பகரத்தூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா. தன் சிறுநீரகத்தை எனக்குக் கொடுத்தவள். அவளை வைத்துக்கொண்டு இன்னும் இது வேண்டும், அது வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? இந்தச் சம்பாவுக்கும் வயலைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தாள். அதற்கும் சரி என்றேன். வயலும் இல்லாமல் நான் பிழைத்துக் கிடந்து என்ன செய்யப் போகிறேன் என்பதுதான் தெரியவில்லை.

என் பதிலை நர்ஸம்மா பல வீடுகளில் கேட்டிருக்க வேண்டும். என்னை விட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன வேணும்மா?"

கொடுத்தவளை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இவன் எங்கூடச் சண்டை போட்டு ஒரு வருஷமாச்சுங்க. நான் ஒண்ணு சொன்னா ஒம்போது சொல்றவன். இப்ப எதச் சொன்னாலும் சரிக்கா, சரிக்காங்கறான். தம்பி பொழச்சுட்டான்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத்தான் அவனக் காணலங்க."

அழாமல் இருப்பதற்காகவே பேசினேன். "வயல விட வேணாம்க்கா. நான் எறங்கறேன்."

"சேத்துல எறங்கி எதையாவது ஒட்டிக்கிட்டு வரவா?"

"கொடுத்தாச்சுல்ல? இனிமே அத வச்சுக் காப்பாத்துறது எம்பாடு."

அவள் குரல் உயர, என் குரலும் உயர்ந்தது. பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். நர்ஸம்மா ஆறிப்போன காப்பியை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

அதோடு அவர் விடவில்லை. டாக்டரைப் பிடித்து என் பரிசோதனை முடிவுகளைக் காட்டி, என்னென்ன செய்யலாம் என்று கேட்டு வந்து சொன்னார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கைக்கு உறை. உடம்பில் சிறு கீறல் இருந்தாலும் சேற்றுப் பக்கம் போகக் கூடாது. வைக்கோல் தூசி பறக்கும் இடத்தில் முகமூடி. காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. பூட்ஸோடு நான் வரப்பில் இறங்கியதைப் பார்த்து ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

என் உயிரைக் காப்பாற்றியவர்கள் நிறையப் பேர். காப்பாற்றிய உயிரை வைத்துக்கொண்டு இவன் என்ன பாடுபடுகிறான் என்று விசாரிக்க வந்தவர் நர்ஸம்மாதான். ஓய்வு பெற்று இப்போது மகளோடு வெளியூரில் இருக்கிறார். அறுவடை முடிந்ததும் புது அரிசி அனுப்புகிறேன். எதற்கு இதெல்லாம் என்று கேட்பார், ஆனால் வாங்கிக்கொள்வார். அந்த மனுஷியை நினைக்காமல் நான் நாற்று விட்டதில்லை.

இன்று காலை நல்ல தூறல். நாற்றங்காலைப் பார்க்கக் கிளம்பும்போது அக்கா போன் செய்தாள்.

"மழ விடட்டும். போகாத."

"போய்ட்டுத்தான் வருவேன்."

"நான் சொல்றத என்னிக்குடா கேட்டிருக்க நீ?" என்று திட்டிவிட்டு வைத்தாள். அத்தனை சந்தோஷமாகத் திட்ட அவளுக்குத்தான் வரும்.