குரல் இல்லாத ஒன்பது பாட்டுகள்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தான் கிற்றாரை மடியில் வைத்தபடி கனைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்கார ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவருக்குத் தடிமனா, சளி பிடித்திருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஓம் என்றேன். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். லண்டனில் மிச்சம் என்ற ஊரில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். லண்டனுக்கு வந்த புதிதில் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தபோது அங்கேயிருந்த ரேடியோவில் நாள் முழுக்க அமெரிக்க நாட்டுப்புறத்துப் பாட்டுகள்தான் போகும். குதிரை, ரயில், விட்டுப்போன மனைவி. அதில் மனுசன் விழுந்தார். கிற்றார் வாங்கித் தானே பழகி, அந்த மெட்டில் தமிழில் எழுதத் தொடங்கினார். அவருடைய பாட்டில் குதிரை இல்லை, மிச்சத்து ட்ராம் இருந்தது. "கடைசி ட்ராமும் போயிட்டுதடி, கதவைத் திற" என்று அக்காவின் கோபத்துக்கே ஒரு பாட்டு வைத்திருந்தார். கோயில் மண்டபத்தில் பாடப் போனால் சனம் "கவ்பாய் வாறார்" என்று சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் எழுதுவதை விடவில்லை.

தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையையே எடுக்க வேண்டும், மூன்று கிழமையில், இருபத்தொரு நாளில், ஒப்பரேசன் என்று டொக்டர் சொன்னபோது மொழிபெயர்த்தவள் நான்தான். அத்தான் டொக்டரை விட்டு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அதுக்கு முதல் என்ரை பாட்டுகளை ஒரு ஒழுங்கான ஸ்டூடியோவிலை பாடி வைக்க ஏலுமோ?" என்றார். ஒன்பது பாட்டு, ஒரு இசைத்தட்டு. வேறொன்றும் அவர் கேட்கவில்லை. அக்கா மறுக்கவில்லை, ஆனால் ஒரு சத்தியம் வாங்கினாள். மகளுக்கு இல்ஃபோர்ட்டில் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சனம் மாப்பிள்ளைக்கும் பொம்பிளைக்கும் சாதகம் பார்க்கும்போதே பரம்பரையில் என்ன வருத்தம், என்ன நோய் என்றும் விசாரிக்கும். "நாள் குறிக்கும் வரைக்கும் ஒரு குஞ்சுக்கும் தெரியக் கூடாது. உன்ரை வாயைக் கட்டு" என்றாள். கட்டினேன்.

ஸ்டூடியோவில் வயலின் வாசிக்க வந்தவர் எங்கடை ஆள். அதுவும் இல்ஃபோர்ட்காரர். அவர் பக்கத்தில் நிற்கும்போது நான் எப்படி உண்மையைச் சொல்வேன்? தடிமன் என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தானும் மைக்கில், "ஓம், தடிமன்தான்" என்றார். ஒலிப்பதிவாளர் நல்ல மனுசர். நல்ல மனுசராக இருந்ததுதான் வினையாய்ப் போயிற்று. அப்படியென்றால் குரலை இப்போது வருத்த வேண்டாம், கிற்றாரையும் வயலினையும் முதலில் முடிப்போம், தடிமன் மாறியதும் இரண்டு கிழமையில் வந்து ஆறுதலாகப் பாடட்டும் என்றார். எந்த வரி எங்கே வரும் என்று வாத்தியத்துக்கு இடம் காட்ட மட்டும் அத்தான் பாட்டுகளை மெல்ல முணுமுணுத்தார். நான் நாட்களை எண்ணிப் பார்த்தேன். மூன்று கிழமைக்குள் இரண்டு கிழமை அடங்கும். எண்ணி முடித்ததும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஸ்டூடியோவுக்குப் போய் ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஒப்பரேசனுக்கு முன்னதாகவே இடமொன்று கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமையே வாருங்கள், தள்ளிப்போடுவது நல்லதில்லை என்றார்கள். நான் வேலையிடத்துப் படிக்கட்டில் நின்றபடி ஒலிப்பதிவாளருக்குப் போன் அடித்தேன். அவர் குடும்பத்தோடு வெளிநாடு போயிருந்தார். அந்த முணுமுணுப்பாவது இருக்கிறதா என்று கேட்டேன். அதெல்லாம் வாத்தியம் பதிந்ததும் அழிப்பதுதான் வழக்கம், உண்மைக் குரல்தான் வரப்போகிறதே என்றார். அப்போதும் நான் காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லி இனி என்ன பயன்?

போனிலாவது பதியலாம் என்று ஞாயிறு போனேன். போனால் வீடு நிறைய ஆட்கள். பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். அத்தான் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, "இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ, ட்ராமிலையோ வந்தனீங்கள்?" என்று ஒவ்வொருவராய் உபசரித்துக்கொண்டிருந்தார். மூன்று மணித்தியாலம்.  மிச்சமிருந்த குரலை மனுசன் பலகாரத் தட்டோடு சேர்த்துப் பரிமாறிக்கொண்டிருந்தார். அவர்கள் போனபிறகு குசினிக் கதவைச் சாத்திவிட்டுப் போனை நீட்டினேன். ட்ராம் பாட்டைத் தொடங்கினார். காற்றுத்தான் வந்தது. இன்னொருமுறை முயன்றார். இருமல் வந்து, கைலேஞ்சியில் இரத்தம் பட்டது. "விடு பிள்ளை, கிற்றார் இருக்குத்தானே" என்றார். அவர் வாயால் நான் கேட்ட கடைசி வசனம் அதுதான்.

ஒலிப்பதிவாளர் திரும்பி வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே பாடவைத்திருப்பேனே" என்றார். அந்தக் கரகரத்த குரல் இந்தப் பாட்டுகளுக்கு நன்றாகத்தான் இருந்தது என்றும், தான்தான் பாவம் பார்த்து நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். ஒரு சதமும் வாங்காமல் வாத்தியங்களை மட்டும் வைத்து இசைத்தட்டை முடித்துத் தந்தார். வேலைக்குப் போகும் ரயிலில் அதைக் கேட்கிறேன். எந்த இடத்தில் எந்த வரி வரவேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த இடம் வரும், வரி வராது.

அத்தான் ஆஸ்பத்திரியால் வந்து ஒரு மாதமானபோது மாப்பிள்ளையின் தாயார் நோய் பார்க்க வந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? கழுத்தில் துளை தெரிகிறதே. அக்கா பேயறைந்தவள்போல நின்றாள். வந்தவரோ அப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்தார்.

"ஏன் பயப்பிடுறியள்? பெண் பார்க்க வரமுதலே எங்களுக்குத் தெரியும். வருத்தம் ஆருக்குத்தான் வராது? நீங்கள் சொல்லேல்லை, நாங்களும் கேக்கேல்லை. கலியாண நாளை வைப்பம்."

அக்கா ஓவென்று அழுதாள், சந்தோசத்தில். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் வந்தவருக்குக் கைகூப்பினார். பிறகு பேசுவதற்காக வைத்திருந்த சின்ன வெள்ளைப் பலகையை எடுத்து, மெதுவாக எழுதி, என் பக்கம் மட்டும் திருப்பினார்.

"அப்ப நான் பாடியிருக்கலாம்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் அதை உள்ளங்கையாலேயே அழித்துவிட்டார்.