அன்ரியோடு போலந்துக்கு வருகிறேன் என்று சொன்னது

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரித்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எழுத்துப் பிழைகளை வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சிட்னியில், டூங்கபியில் ஒரு போலந்து அன்ரியின் வீட்டில் ஏழு வருடமாகப் புல் வெட்டுகிறேன். கணவர் இறந்து தனியாக இருப்பவர். வேலை முடிந்ததும் குசினிக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தருவார். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை, அதனால் அவரோடு மட்டும் எனக்குக் கூச்சமில்லை. அவருடைய ஊரில் உருளைக்கிழங்கும் பீற்றூட்டும்தான் பயிராம். மேட்டில் ராசா காலத்துக் கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறதாம். ஊர்ச்சனம் அதன் கல்லைக் கழற்றி மாட்டுக்கொட்டில் கட்டியது. "எங்கட மாடு ராசாவின்ர சுவரிலதான் முதுகு சொறிஞ்சது" என்று சிரிப்பார். அந்த ஊர் வீட்டில் அவருடைய அக்கா நோயோடு படுத்திருந்தார்.

இந்த வருடம் மாசியில் அன்ரி கேட்டார். "தனிய பறக்க வேண்டாமெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அக்காவைப் பார்க்க நீ கூட வருவியா?"

நான் ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவன். என் விசாவில் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. வயதானவரின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஓம் என்றேன்.

அறையில் கூட இருக்கிற நண்பன் சிரித்தான். "பக்கத்தில பென்டில் ஹில் கடைக்குப் போகவே உனக்கு வெக்கம். போலந்துக்குப் போறியோ? போய் உண்மையைச் சொல்லு மச்சான்."

"வாற கிழமை சொல்லுறன்."

"போன கிழமையும் இதைத்தான் சொன்னனீ."

அன்ரி அக்காவுக்குக் கம்பளிக் காலுறை பின்னினார். கணவரின் குளிர் ஜாக்கெட்டை எனக்குக் கை குறைத்துத் தைத்தார். சித்திரையில் அவரோடு சேர்ச்சுக்குப் போகிற ஒரு போலந்துப் பெண் ஊருக்குப் புறப்பட்டு, தன்னோடு வரச் சொன்னாளாம்.

"எனக்கு ஆள் இருக்கெண்டு சொல்லிப்போட்டன்" என்றார் அன்ரி.

அப்போதும் நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

டிக்கெட் போட அன்ரி பாஸ்போர்ட் கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னேன்.

"விசா உன்ர பிழையில்லை. ஆனா முந்தியே சொல்லியிருந்தா அவளோட நான் போயிருப்பன்."

பத்து நாளில் அக்கா செத்துப்போனார்.

அன்ரி என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. தேத்தண்ணியும் தருகிறார். ஊர்க் கதைதான் இல்லை. நேற்று நானாகக் கேட்டேன், அக்காவை எந்த இடத்தில் அடக்கம் செய்தார்கள் என்று.

"போய்ப் பார்த்த ஆக்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

17 ஓகஸ்ட் 2025, ஞாயிறு.