மஞ்சள் கரு

ஜோகுபாளையத்து ராஜலக்ஷ்மிக்குக் கவலைப்படக் காரணமே தேவையில்லை. பால் பொங்கினாலும் படபடப்பு, பொங்காவிட்டாலும் படபடப்பு. ஆனால் மகள் அதிதிக்கு மூன்று வயதில் கால்கள் வெளிப்பக்கமாக வளையத் தொடங்கியபோது அவள் பட்ட பயம் நியாயமான பயம். வைட்டமின் டி குறைவு என்றார் டாக்டர் கோவிந்தப்பா. சொட்டு மருந்து எழுதினார், வெயில் காட்டச் சொன்னார், கூடவே முட்டையும் கொடுக்கச் சொன்னார்.

முட்டையா! தலைமுறை தலைமுறையாக வெங்காயத்தையே யோசித்துத்தான் உள்ளே விடும் சமையலறை அது. கணவன் ஸ்ரீகண்டன், "குழந்தைக்குன்னா கொடு, என் கண்ல காட்டாதே" என்று நழுவிவிட்டான். கடைசியில் பக்கத்து வீட்டு ஜோசஃபின் தினம் ஒரு முட்டை வேகவைத்து அங்கேயே ஊட்டுவதென்று ஏற்பாடானது. அதிலும் ராஜலக்ஷ்மி பேரம் பேசினாள்.

"வெள்ளை மட்டும் போறும் ஜோசஃபின். மஞ்சள்தானே குஞ்சாகறது? அது வேண்டாம்."

பாதிப் பாவத்தில் முழுப் பலனையும் வாங்கிவிட்ட திருப்தி அம்மணிக்கு.

சொட்டு மருந்து இருந்தவரை ரத்தத்தில் வைட்டமின் டி அளவு ஏறியது. நிறுத்திய பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் மறுபடியும் சரிந்திருந்தது. ராஜலக்ஷ்மி குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

"தினம் முட்டை கொடுக்கறேன் டாக்டர்! ஒரு நாள்கூட விடலை."

"மஞ்சளோடதானே?"

"வெள்ளை மட்டும்தான் டாக்டர்."

"அய்யோ, டி இருக்கறதே மஞ்சள்லதான் அம்மா!" டாக்டர் மறுபடி சொட்டு மருந்து எழுதினார். "மருந்து ஏத்தினதை வெயிலும் சாப்பாடும்தான் காப்பாத்தணும். டி சேர்த்த பாக்கெட் பாலும் கொடுங்க. கால் நேராகும், ஆனா இன்னும் நாளைக் கடத்தாதீங்க."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக ஜோசஃபின் வீட்டுக்குப் போனாள்.

"இத்தனை நாள் மஞ்சளை என்ன பண்ணினே?"

"நம்ம நாய்க்குத்தான் போட்டேன்க்கா. வேஸ்ட் பண்ணுவானேன்?"

கேட்டைத் தாண்டித் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்த நாயைப் பார்த்ததும் ராஜலக்ஷ்மிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தன் ஆசாரத்துக்குக் குழந்தையின் காலையா விலையாகக் கொடுத்தோம் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

ஜோசஃபின் அன்றைய மஞ்சளை உப்பு, மிளகு போட்டுப் பிசைந்து நீட்டினாள். அதிதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நாத்தம்! நீ சாப்பிடு மொதல்ல!"

ராஜலக்ஷ்மி ஒரு விள்ளல் எடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டாள். விழுங்கினாள்.

"நன்னாத்தான் இருக்குடி" என்று சிரித்தாள்.

அதிதி அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தாள்.