சர்நேம்

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு மாமாவை வழியனுப்ப ஏழு பேர் போனோம். அம்மாவின் தம்பியான அவர் படப்பையில் கொத்தனார். மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு என்று ஏஜெண்ட் மூன்று முறை சொல்லியிருந்தார்.

எனக்குப் பதினொரு வயது. தாம்பரத்தில் இங்கிலீஷ் மீடியம் படித்தேன். அதை நாளுக்கு நான்கு பேரிடமாவது சொல்லிவிடுவேன்.

பெட்டிக்கு அம்மாவைக் காவல் வைத்துவிட்டு, மாமா என்னை அங்கிருந்த கடைக்குக் கூட்டிப்போனார். இரண்டு பிஸ்கட் பாக்கெட், ஒரு பூட்டு, ஒரு பேனா வாங்கினார். பிறகு இரண்டு டியூப்களைத் தூக்கிக் காட்டி, "அண்ணே, இதுல பல்லு வெளக்குறது எது?" என்றார். எனக்கு மானம் போயிற்று. மூன்றடி தள்ளி நின்றுகொண்டேன்.

கவுண்டரில் நிரப்பிக் கொடுக்க வேண்டிய பயண அட்டையை நீட்டி, "நீதான் இங்கிலீஷ் படிக்கிறியே கண்ணு, எழுது" என்றார்.

முதல் கட்டத்தில் 'சர்நேம்' என்றிருந்தது. அந்தச் சொல்லை நான் பார்த்ததேயில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"சார் நேம் கேக்குறாங்க மாமா."

"சாரா? நம்ம ஏஜெண்டு சாராத்தான் இருக்கும்."

ஏஜெண்டின் பெயரைப் பதினான்கு பெரிய எழுத்துகளில் எழுதினேன்.

மாமா கவுண்டருக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தார். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், அட்டையில் வேறொரு பெயர் என்று அங்கே கத்தியிருக்கிறார்கள். இன்னும் பதினைந்து நிமிடத்தில் கவுண்டரை மூடிவிடுவார்களாம். கையில் புது அட்டை, முகமெல்லாம் வியர்வை. சத்தம் கேட்டு அம்மாவும் வந்துவிட்டாள்.

"ஏஜெண்டு சார் பேரு சரியாத்தானே இருக்கு?" என்று மாமா புலம்ப, கடைக்காரர் பழைய அட்டையை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "சர்நேம்னா அப்பன் பேருய்யா! இன்னா, சாரு பேர எழுதிவச்சிக்கீற? யாரு எழுதுனது?"

மாமா என்னை ஒரு தரம் பார்த்தார். "நான்தாண்ணே."

"பேஸ்ட்டு எதுன்னு தெர்ல, நீ இங்கிலீஷ் எழுதினியா?"

கடையில் நின்றிருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "தெரியலன்னா புள்ளைய ஒரு வார்த்தை கேக்கக்கூடாதாடா?"

நான் பூட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கம்பியில் ஒன்பது தொங்கின.

கடைக்காரரே புது அட்டையை எழுதிக் கொடுத்தார். நான்கு நிமிடம் மிச்சமிருக்க, மாமா என் தலையைத் தடவிவிட்டு ஓடினார்.

எழுதத் தெரியாதவர், எழுதினேன் என்று அத்தனை பேர் முன்னால் பெருமையடித்துக்கொள்கிறாரே என்று, வேன் பல்லாவரம் தாண்டும்வரை அவர்மேல் எனக்கு எரிச்சலாகவே இருந்தது.