ஒரு மூட்டை கோல்ஃப் பந்து: திருப்பதி, நகரி, சித்தூர்

திருப்பதிக்குப் போகிறவர்கள் பொதுவாக எதையாவது வேண்டிக்கொண்டு போவார்கள். போன பிப்ரவரியில் நான் போனது பந்து பொறுக்க. திருப்பதியில் குவிந்து கிடக்கும் பழைய கோல்ஃப் பந்துகளை என்ன செய்வது என்று இந்த வலைப்பதிவில் ஒருமுறை கேட்டிருந்தேன். அலங்கார விளக்கு செய்யலாம் என்று நாலு பேர் யோசனை சொன்னார்கள். ஐந்தாவதாக நகரி பக்கத்துக் கிராமப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை ராஜேஸ்வரி எழுதியிருந்தார்: "தூக்கிப் போடாதீங்க சார். எங்க பொண்ணுங்க கோல்ஃப் ஆடறாங்க. பந்துதான் இல்ல."

அந்த வரிக்காகத்தான் இந்தப் பயணம். உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய பந்துகள் இருந்து, அவற்றை இப்படிக் கொண்டுபோய்க் கொடுக்கும் எண்ணம் இருந்தால், முழுக்கப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சென்னையிலிருந்து காலை ஆறரை மணி ரயில். பத்து மணிக்கு முன்பே திருப்பதி. நிலையத்துக்கு வந்திருந்தவர் என் கோல்ஃப் நண்பர் வரதாச்சாரி. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். அண்ணன் தம்பிகள் எல்லோரும் கோயில் கைங்கரியத்தில் இருக்கிறார்கள். இவர் மட்டும் கோல்ஃபில் இருக்கிறார். சினிமாவில் கோல்ஃப் என்றால் கறுப்புக் கண்ணாடிக்காரர்கள் கம்பெனியை விற்கும் இடம். எங்கள் கோல்ஃபில் விற்பதற்கு யாரிடமும் எதுவும் கிடையாது. ஊருக்கு வெளியே ஒன்பது குழி மைதானம், நாலு ஓய்வூதியக்காரர்கள், இரண்டு பேருக்கு ஒரு மட்டைப் பை, ஒரு பிளாஸ்க் காபி. குழியைச் சுற்றிப் புல்வெளி இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் கலந்த மணல். மைதானத்தின் வலப்பக்கம் முழுக்க மாந்தோப்பு. வரதாச்சாரி அடிக்கும் பந்துகள் வலப்பக்கம்தான் போகும்.

மழைக்காலம் முடிந்து தோப்பை உழும்போது, கடலைக்காய் போலப் பந்துகள் மேலே வரும். தோப்புக்காரர் வரப்பில் குவித்து வைத்திருந்தார். எடுத்துக்கொண்டு போனால் சந்தோஷம், டிராக்டருக்கு இடைஞ்சல் என்றார். நாங்கள் மூன்று மணி நேரம் குனிந்து பொறுக்கியதில் ஒரு கோணிப்பை நிறைந்தது.

இங்கே ஒரு விவரம் சொல்லியாக வேண்டும். கோல்ஃபில் அவரவர் பந்துக்கு அடையாளம் போட்டுக்கொள்வது வழக்கம். சிலர் புள்ளி வைப்பார்கள், சிலர் பெயரின் முதலெழுத்து. வரதாச்சாரி ஒவ்வொரு பந்திலும் அழியாத மையால் பெருமாள் நாமம் போடுவார், வெள்ளை வண்ணத்தில் இரண்டு கோடு, நடுவில் சிவப்பு, வெள்ளைப் பந்தில் தெரிவதற்காகச் சுற்றிலும் நீலத்தில் ஒரு வரம்பு. எந்தக் கலை நாமம் என்று எழுத மாட்டேன். பின்னூட்டப் பகுதி எனக்கு அமைதியாக வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாடகைக் கார். திருப்பதியிலிருந்து புத்தூர் வழியாக நகரி, அங்கிருந்து கிராமத்துக்கு ஆறு கிலோமீட்டர், மொத்தம் அறுபத்தைந்துக்குப் பக்கம். போய்வர இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் பேசினோம். வரதாச்சாரிக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் வரவில்லை. பந்து பொறுக்குவதும் உடற்பயிற்சிதான் என்று அதற்கு முந்தின நாள் சொன்னவர் அவர்.

டிரைவர் கோணிப்பையை அழுத்திப் பார்த்தார். "ஏமி சார், கோடிகுட்டு எடுத்துக்கினு போறீங்களா?"

கோடிகுட்டு என்றால் கோழிமுட்டை. நான் மறுக்கவில்லை. வேகத்தடைகளில் அவ்வளவு மென்மையாக என்னை யாரும் ஓட்டிக்கொண்டு போனதில்லை. பந்து என்று சொன்னால் திரும்பி வரும்போது எப்படி ஓட்டுவார் என்று யோசித்து, கடைசிவரை முட்டையாகவே விட்டுவிட்டேன். நகரியில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லி நன்றாக இருக்கிறது; இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றிருபது ரூபாய். தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம். பேச வேண்டியதை ஊருக்கு வெளியே பேசிக்கொள்ளுங்கள்.

பள்ளியின் கோல்ஃப் மைதானம் என்பது தண்ணீர் வற்றிய ஏரி. கருவேலங்குச்சியில் சிவப்புத் துணி கட்டி ஆறு கொடிகள். யாரோ கொடுத்த பழைய மட்டைகளை உயரத்துக்குத் தக்கபடி அறுத்து வைத்திருந்தார்கள். ஐந்து மாணவிகள். ராஜேஸ்வரி டீச்சர் முப்பது வயதுக்காரர், கழுத்தில் விசில்.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமை சித்தூர்ல செலக்‌ஷன் சார்," என்றார். "மாவட்டத்துலருந்து நாலு பேர எடுப்பாங்க. எங்க ஹெட்மாஸ்டர் கணக்கு சார். ஒருத்தி செலக்ட் ஆனா கோல்ஃப் பீரியட் இருக்கும், இல்லன்னா கணக்கு ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டாரு. இருந்த பந்தெல்லாம் சேத்துல போச்சு. ரெண்டு வாரமா எலுமிச்சங்காய அடிச்சிக்கினு கீறாங்க."

கோணிப்பையைத் தார்ப்பாயில் கொட்டினேன். ஐந்து பேரும் கத்திய கத்தலில் கொக்குகள் எழுந்தன. கொடையாளியாக இருப்பது எவ்வளவு சுகம் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அந்தச் சுகம் ஏறக்குறைய ஒரு நிமிடம் நீடித்தது.

மோகனா என்ற பெண்தான் அவர்களில் நன்றாக ஆடுபவள். ஒரு பந்தை எடுத்து வைத்தாள், மட்டையைப் பின்னால் ஓங்கினாள், அப்படியே நின்றாள்.

"மிஸ், இதுல நாமம் கீது."

"வேற எடுடி."

வேறு எடுத்தாள். அதிலும் இருந்தது. ஐந்து பேரும் உட்கார்ந்து புரட்டினார்கள். பத்தில் எட்டுப் பந்து வரதாச்சாரியுடையது. மீதி பிளந்தவை. திருப்பதி மைதானத்தில் பந்தைத் தொலைப்பது பெரும்பாலும் ஒரே ஆளின் பொறுப்பில் நடந்துவருகிறது என்பது அதற்கு முன் எனக்கு உறைத்ததில்லை.

ஏரியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மோகனாவின் அம்மா கன்னியம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி எல்லாம் குந்திக்கினு கீறீங்க?"

"யம்மா, பந்து மேல பெருமாள் நாமம்."

"அதயா கம்பியால அடிக்கப் போன? பொரட்டாசிக்குத் தளிக போட்டுட்டு மாசில மண்டையில அடிப்பியா?"

"தின்னர் வச்சித் தொடச்சிடலாம்க்கா," என்றார் டீச்சர்.

"நாமத்த அழிக்கிறதா? கன்னத்துல போட்டுக்கோ மிஸ்."

டீச்சர் உண்மையிலேயே போட்டுக்கொண்டார். பந்து யாருடையது, எந்த மாந்தோப்பில் கிடந்தது என்று கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டு, நான் வரதாச்சாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். நெருக்கடி நேரத்தில் வைணவ அறிஞர் ஒருவர் கையில் இருப்பது நல்லது.

"இதிலே என்ன ஓய் சந்தேகம்?" என்றார் அவர். "முப்பது வருஷமா நானே அடிக்கறேன். பெருமாள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தாராளமா அடிக்கச் சொல்லுங்கோ."

கன்னியம்மா தொலைபேசியை நோக்கிக் குனிந்தார். "சாமி, நீங்க கோயில் வூட்டுக்காரு. உங்களுக்கும் அவருக்கும் ஆயிரம் இருக்கும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. முப்பது வருசமா அடிச்சீங்களே, ஒரு பந்தாச்சும் போவ வேண்டிய எடத்துக்குப் போச்சா? மூட்ட மூட்டையா மாந்தோப்புலதானே கெடந்துது? அவரு இன்னும் எப்படித்தான் சொல்லுவாரு?"

மறுமுனையில் பிளாஸ்க் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா," என்றார் வரதாச்சாரி, குரல் இறங்கியிருந்தது. "அழிக்க வேண்டாம். சாத்திடுங்கோ. நாங்க பெருமாளுக்கு வஸ்திரம் சாத்தறதில்லையா? அந்த மாதிரி மேலே ஏதாவது சாத்திட்டா, உள்ளே அவர் பாட்டுக்கு இருப்பார்."

கன்னியம்மா கொஞ்சம் யோசித்தார். "பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடிச்ச பெயின்ட் மிச்சம் கீது. மஞ்சளு, நீலம். ஆவுமா சாமி?"

"மஞ்சள் ரொம்ப விசேஷம்."

இப்படியாக, மத ஆலோசனையும் கொம்புப் பெயின்ட்டும் சேர்ந்து அன்று மாலைக்குள் எல்லாப் பந்துக்கும் வஸ்திரம் சாத்தப்பட்டது. தார்ப்பாயில் காயவைத்திருந்ததைப் பார்த்த டிரைவர், "அந்த குட்டுக்கெல்லாம் கலர் எதுக்கு சார்?" என்றார். ஏற்றுமதிக்கு என்று சொல்லிவிட்டேன்.

எதிர்பாராத ஒரு நன்மை: காய்ந்த ஏரிப் புல்லில் மஞ்சள் பந்து பளிச்சென்று தெரிகிறது. தொலைவதில்லை. அந்த ஒன்பது நாளும் பெண்கள் காலையும் மாலையும் அடித்தார்கள் என்று டீச்சர் படம் அனுப்பிக்கொண்டே இருந்தார். நான் ஊர் திரும்பாமல் திருப்பதியிலேயே தங்கிவிட்டேன். வரதாச்சாரி வீட்டில் தங்க வாடகை கிடையாது. ஆனால் அவர் அடித்த ஷாட்டுகளைப் பற்றி அவரே சொல்வதைக் கேட்க வேண்டும்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு இருவரும் சித்தூர் கிளம்பினோம். எழுபது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், கார் மூவாயிரம். ஒரு கல்லூரி மைதானத்தில் ஆறு குழி அமைத்திருந்தார்கள். இங்கும் மணல்தான். பதினோரு மணிக்குள் வெயில் தலையில் உட்கார்ந்துவிடுகிறது. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

ஹெட்மாஸ்டர் தன் சொந்த ஸ்கூட்டரில் வந்திருந்தார். கோல்ஃப் பீரியடின் கடைசி மூச்சை நேரில் பார்க்க வந்தவர் போல நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மற்ற நாலு மாணவிகளும் பாதியிலேயே பின்தங்கினார்கள். கடைசிக் குழிக்கு மோகனா வந்தபோது டீச்சர் விசிலைக் கடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ஒரே தட்டுல குழில போட்டா நாலாவது எடம் சார். ரெண்டு தட்டுன்னா இல்ல."

பந்து மணலில், குழிக்குப் பன்னிரண்டு அடியில் நின்றிருந்தது. மோகனா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மட்டையைத் தூக்கவில்லை. முந்தின அடியில் கொம்புப் பெயின்ட் ஒரு சில்லு பெயர்ந்து, உள்ளேயிருந்து நாமம் தெரிந்தது. மட்டை படும் பக்கத்திலேயே.

"கொட்டம்மா, டைம் அயிந்தி," என்றார் நடுவர். அடி அம்மா, நேரமாகிவிட்டது என்கிறார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் கன்னியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். ஹெட்மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வரதாச்சாரி என் முழங்கையைப் பிடித்திருந்தார். முதுகுப் பிடிப்பு எங்கே போனதோ தெரியவில்லை.

மோகனா பந்துக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தாள். குழிக்குப் பக்கத்தில் பந்தை இப்படி அடையாளம் வைத்து எடுக்க விதியில் இடமுண்டு. எடுத்துத் துடைக்கலாம், திருப்பியும் வைக்கலாம். அவள் துடைக்கவில்லை. இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு நாமம் வானத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். நாணயத்தை எடுத்தாள். தட்டினாள்.

பந்து நேராகப் போய்க் குழிக்குள் விழுந்தது.

டீச்சர் ஊதிய விசிலில் பக்கத்துக் குழியில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். கன்னியம்மா கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடினார். "கை நடுங்குச்சாடி?" "ஏன் நடுங்கணும்? அதான் சொல்லிட்டுத்தானே அடிச்சேன்" என்றாள் மகள்.

வரதாச்சாரி பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிய பிறகு, "முப்பது வருஷம், ஓய். ஒரு நாள்கூட நான் கேட்டுண்டு அடிச்சதில்லை," என்றார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. பந்துகளை வீட்டிலேயே கழுவிவிடுங்கள். பிளந்தவற்றைக் கழித்துவிடுங்கள், இலவசம் என்பதற்காகக் குப்பையைக் கொண்டுபோகக் கூடாது. ஒவ்வொன்றையும் புரட்டி, அதில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பள்ளி நேரம் பார்த்து, டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். பிப்ரவரி சரியான மாதம். ஏப்ரலுக்கு மேல் ஏரியில் நிற்க முடியாது. எல்லாச் செலவும் சேர்த்து எனக்கு ஏழாயிரத்து எண்ணூறு ஆயிற்று. அந்தப் பணத்துக்குப் புதுப் பந்தே வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம். அதற்கு வஸ்திரம் தேவைப்பட்டிருக்காது, தொலைந்திருக்கும்.

மோகனா பயிற்சி முகாமுக்குப் போகிறாள். கோல்ஃப் பீரியட் இருக்கிறது, வெள்ளிக்கிழமை கடைசி மணி. போன வாரம் ஹெட்மாஸ்டரே என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். கணக்கு ஆசிரியர் அல்லவா, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பந்து இன்னும் வேணும் சார். ஆனா அந்த நாமம் போட்ட பந்துதான் வேணும். பெயின்ட் நாங்க அடிச்சிக்கிறோம்."

வரதாச்சாரியிடம் சொன்னேன். அவர் கண் கலங்கி, அப்படியானால் இனிமேல் வேண்டுமென்றே தோப்புப் பக்கம் பார்த்து அடிக்கட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம், வழக்கம்போல் குழியைப் பார்த்தே அடியுங்கள், போதும் என்றேன்.